சென்னை வீட்டு ஓடிஜியில் டச்சு பேபி: பொங்கி எழும் பழ பேன்கேக்குக்கு முழுமையான வழிகாட்டி

முட்டை, பால், மைதா மூன்றையும் நீர்க்கக் கரைத்து, நெய் பளபளக்கும் சூடான பாத்திரத்தில் ஊற்றி, உடனே ஓவனுக்குள் தள்ளிவிட்டால் கால் மணி நேரத்தில் ஓரமெல்லாம் மேலே ஏறி, கோணல்மாணலாகப் பொங்கி, பொன்னிறத்தில் ஒரு பெரிய பேன்கேக் வரும். இதற்குப் பெயர் டச்சு பேபி. பேக்கிங் பவுடர் கிடையாது, சமையல் சோடா கிடையாது, ஈஸ்ட் கிடையாது. வெளியே எடுத்த ஒரு நிமிடத்தில் நடுப்பகுதி இறங்கிக் குழியாகும். அந்தக் குழியில் பழத்தைக் கொட்டி, எலுமிச்சை பிழிந்து, பொடித்த சர்க்கரை தூவி, ஆறுவதற்குள் சாப்பிட வேண்டும்.

ஜெர்மன் பேன்கேக் வழியில் வந்த பலகாரம் இது. அமெரிக்காவின் சியாட்டில் நகரில் மன்கா குடும்பத்தார் நடத்திய கஃபேயில், 20-ம் நூற்றாண்டின் முதல் பாதியில், டச்சு பேபி என்ற பெயரோடு புகழ் பெற்றது. எலுமிச்சையும் பொடித்த சர்க்கரையும்தான் அங்கே அதற்கு வழக்கமான துணை. இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் புட்டிங்கும் கிட்டத்தட்ட இதே மாவில் செய்வதுதான், அதை இனிப்பில்லாமல் இறைச்சியோடு பரிமாறுவார்கள்.

இதை நான் சென்னைக்காரர்களுக்குத் திரும்பத் திரும்பச் சிபாரிசு செய்யக் காரணம் உண்டு. வேண்டிய பொருள் அத்தனையும் தெருமுனை மளிகைக் கடையிலேயே கிடைத்துவிடும். கேக் செய்வதுபோல அரை நாள் பிடிக்காது. எல்லாவற்றையும்விட, மேலே போடும் பழம் நன்றாக இருந்தால்தான் இந்தப் பேன்கேக் சிறக்கும். நல்ல பழத்துக்கு நம் ஊரில் எந்த மாதத்திலும் பஞ்சமில்லை.

தொடங்குவதற்கு முன் ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இதில் மாவைக் கெடுப்பது கஷ்டம், சூட்டில் கோட்டை விடுவது சுலபம். அதனால் இந்த வழிகாட்டியில் மாவைவிட ஓவனையும் பாத்திரத்தையும் பற்றித்தான் அதிகம் பேசப்போகிறேன்.

ஏன் பொங்குகிறது?

பூரி ஏன் உப்புகிறதோ அதே காரணம்தான்: நீராவி. பாலில் 87 சதவீதம் அளவுக்குத் தண்ணீர், முட்டையில் முக்கால் பங்கு தண்ணீர். ஆக, நாம் ஊற்றும் மாவில் பெரும்பகுதி தண்ணீர்தான். தண்ணீர் ஆவியானால் அதன் கன அளவு ஆயிரத்து அறுநூறு மடங்குக்கும் மேலே போகும். அந்த ஆவி வெளியே ஓடப் பார்க்கும்போது, முட்டையின் புரதமும் மைதாவும் சேர்ந்த மெல்லிய படலம் அதைப் பிடித்து வைத்துக்கொண்டு தானும் இழுபட்டு மேலே போகிறது. பிறகு சூட்டில் அந்தப் படலம் இறுகி, எழும்பிய வடிவத்திலேயே நின்றுவிடுகிறது.

இரண்டும் சரியான வரிசையில் நடக்க வேண்டும். முதலில் ஆவி வேகமாகக் கிளம்ப வேண்டும், அப்புறம் படலம் இறுக வேண்டும். பாத்திரம் சூடாக இல்லாவிட்டால் ஆவி மெதுமெதுவாகக் கசிந்து போய்விடும். அதற்குள் முட்டை வெந்து கெட்டிப்பட்டுவிடும். கிடைப்பது தடிமனான, ரப்பர் மாதிரி ஒரு முட்டை அடை. ருசி மோசமாக இருக்காது, ஆனால் நாம் கேட்டது அதுவல்ல.

ஓரம் மட்டும் நடுவைவிட உயரமாக ஏறுவதும் இதனால்தான். ஓரத்து மாவுக்கு அடியிலிருந்தும் பக்கச் சுவரிலிருந்தும் சூடு கிடைக்கிறது, நடுவுக்கு அடியிலிருந்து மட்டும். வெளியே எடுத்ததும் உள்ளே இருக்கும் ஆவி குளிர்ந்து மறுபடி தண்ணீராகிவிடுவதால் நடுப்பகுதி இறங்குகிறது. இறங்குவதைப் பார்த்துப் பதற வேண்டாம். இறங்காமல் நிற்கிற டச்சு பேபி உலகத்தில் எங்கேயும் இல்லை.

ஓவன்

சென்னை வீடுகளில் இருப்பது பெரும்பாலும் மேடை மேல் வைக்கும் ஓடிஜி, அதாவது பேக், டோஸ்ட், கிரில் மூன்றும் செய்யும் சின்ன மின்சார ஓவன். அதுவே போதும். 25 லிட்டருக்கு மேல் இருந்தால் 8 அங்குலப் பாத்திரம் வசதியாக உட்காரும். 16 லிட்டர் மாதிரி சின்ன ஓவனில் 6 அங்குலப் பாத்திரமும் ஒரு முட்டையும் என்று அளவைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

சின்ன ஓவன்களில் உண்மையான சிக்கல் உயரம். பேன்கேக் பாத்திரத்தின் விளிம்பைத் தாண்டி இரண்டு அங்குலம்கூட எழும்பும். சூடேற்றும் மேல் கம்பி அங்கேயே இருந்தால் தலை கருகிவிடும். அதனால் கம்பித் தட்டை எப்போதும் கீழ்த் தட்டு வரிசையில் வையுங்கள். ஓவனைச் சூடு பண்ணும் முன்பே, காலிப் பாத்திரத்தை உள்ளே வைத்து, மேல் கம்பிக்கும் பாத்திர விளிம்புக்கும் நடுவே ஒரு கையளவு இடைவெளி இருக்கிறதா, கதவு முழுதாக மூடுகிறதா என்று பார்த்துவிடுங்கள். நீளக் கைப்பிடி வைத்த இரும்பு வாணல் பல ஓடிஜிகளில் கதவை மூட விடாது. சூடான பாத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு இதைக் கண்டுபிடிப்பது ஆபத்து.

மேல் கம்பி, கீழ்க் கம்பி இரண்டையும் போட்டு 220 டிகிரி வையுங்கள். முழு 15 நிமிடம் காய விடுங்கள். ஓடிஜியின் திருகில் காட்டும் அளவும் உள்ளே இருக்கும் உண்மையான சூடும் பல நேரம் ஒத்துப்போவதில்லை, இருபது முப்பது டிகிரிகூட வித்தியாசம் இருக்கலாம். அடிக்கடி பேக் செய்பவர் என்றால் உள்ளே தொங்கவிடும் ஓவன் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். வாங்க மனமில்லையா, 220-க்குப் பதில் 230 வைத்துக்கொள்ளுங்கள். இந்தப் பலகாரத்துக்குச் சூடு கொஞ்சம் கூடினால் பரவாயில்லை, குறையத்தான் கூடாது.

மின்சாரத்தையும் கவனிக்க வேண்டும். ஓடிஜி 1,200 முதல் 2,000 வாட் வரை இழுக்கும். 16 ஆம்பியர் பிளக்கில் நேராகச் செருகுங்கள், எக்ஸ்டென்ஷன் பெட்டியில் வேண்டாம். கோடை இரவுகளில் தெரு முழுக்க ஏசி ஓடும்போது சில பகுதிகளில் வோல்டேஜ் இறங்கும், ஓவன் சொன்ன சூட்டுக்கு வராமலே தடுமாறும். டச்சு பேபி காலைச் சிற்றுண்டிக்கு உரிய பண்டம் என்பது இங்கே நமக்குச் சாதகம். காலை ஏழு மணிக்குச் செய்தால் வோல்டேஜும் நிற்கும், சமையலறையும் கொதிக்காது.

கன்வெக்‌ஷன் மைக்ரோவேவ் வைத்திருப்பவர்கள் கன்வெக்‌ஷனை மட்டும் போடுங்கள். மைக்ரோவேவும் கன்வெக்‌ஷனும் கலந்து ஓடும் முறை கூடாது. உள்ளே இரும்போ அலுமினியமோ வைக்கிறோம் என்பதை மறக்க வேண்டாம். சில மாடல்கள் 200 டிகிரியோடு நின்றுவிடும். அதில் எழும்புவது கொஞ்சம் குறையும், நேரமும் 20 நிமிடத்துக்கு மேல் ஆகும். ஆனாலும் வரும். ஏர் ஃபிரையரில் 6 அங்குல டின், ஒரு முட்டை, 190 டிகிரி, 10 முதல் 12 நிமிடம். குக்கரில் மணலோ உப்போ போட்டுக் கேக் செய்யும் முறையை இதற்கு நான் சொல்லமாட்டேன். கேக்குக்கு அந்த நிதானமான சூடு போதும், இதற்குப் போதாது.

பாத்திரம்

முதல் தேர்வு 8 அங்குல வார்ப்பு இரும்பு வாணல். அடி தட்டையாக, சுவர் இரண்டு அங்குல உயரமாக இருக்க வேண்டும். தோசைக்கல் ஆழம் போதாது. வழக்கமான குழிவான இருப்புச் சட்டியில் மாவெல்லாம் நடுவில் தேங்கி, நடு வேகாமல் ஓரம் கருகும். ஓவனில் வைக்கக்கூடிய வார்ப்பு இரும்பு வாணல் இல்லையென்றால் கேக் செய்யும் வட்ட அலுமினிய டின்னே போதும். கைப்பிடித் தொல்லையும் இல்லை. அலுமினியம் சீக்கிரம் சூடாகும், சீக்கிரம் ஆறும், அதனால் மாவு ஊற்றும் வேலையை இன்னும் வேகமாக முடிக்க வேண்டும், அவ்வளவுதான்.

கண்ணாடிப் பாத்திரம் வேண்டாம். 220 டிகிரியில் காய்ந்த கண்ணாடியில் ஆறின மாவை ஊற்றினால் விரிசல் விடலாம். பிளாஸ்டிக் அல்லது மரக் கைப்பிடி போட்ட நான்ஸ்டிக் பாத்திரமும் வேண்டாம். ஸ்பிரிங் வைத்துக் கழற்றும் கேக் டின்னில் நெய் அடியில் ஒழுகிக் கீழ்க் கம்பியில் விழும், புகை மூட்டமாகிவிடும்.

பொருட்கள்

8 அங்குலப் பாத்திரத்துக்கு, இரண்டு பேருக்கு:

முட்டை 2
பால் 80 மி.லி.
மைதா 45 கிராம், அதாவது சலித்துத் தளர்வாக நிரப்பினால் மூன்றில் ஒரு கப்
சர்க்கரை 2 டீஸ்பூன்
உப்பு 2 சிட்டிகை
வெனிலா எசன்ஸ் அரை டீஸ்பூன், அல்லது ஒரு ஏலக்காயின் பொடி
நெய் ஒன்றரை டேபிள்ஸ்பூன்
வெண்ணெய் சின்னத் துண்டு, கடைசியில் தடவ
நறுக்கிய பழம் ஒன்றரை கப்
பொடித்த சர்க்கரை, எலுமிச்சை

தராசு இல்லாதவர்களுக்குச் சுலபமான கணக்கு ஒன்று. இரண்டு முட்டையையும் ஒரு நேரான டம்ளரில் உடைத்து ஊற்றி, எதுவரை வருகிறது என்று பாருங்கள். பாலும் மைதாவும் தனித்தனியாக அதே அளவுக்கு ஒரு நூல் குறைவாக எடுங்கள். முட்டை சிறிதானாலும் பெரிதானாலும் விகிதம் தானே சரியாகிவிடும். நம் கடை முட்டைகள் ஓடோடு 50, 55 கிராம் எடைதான் இருக்கும். அமெரிக்கச் சமையல் குறிப்புகளில் சொல்லும் முட்டை அதைவிடப் பெரியது. அந்தக் குறிப்புகளை அப்படியே பின்பற்றுகிறவர்களுக்கு மாவு கெட்டியாகி, பேன்கேக் கனத்துப் போவதற்கு இது ஒரு காரணம்.

பால் ஆவின் பச்சை பாக்கெட் நல்ல தேர்வு, அதில் கொழுப்பு 4.5 சதவீதம். நீலமும் சரிதான். காய்ச்சி ஆறின பால் என்றால் ஆடையை வடிகட்டி எடுத்துவிடுங்கள். மைதாவுக்குப் பதில் முழுக்கக் கோதுமை மாவு போட்டால் தவிடு அந்தப் படலத்தை அங்கங்கே அறுத்துவிடும், உயரம் வராது. கால் பங்கு வரை கலக்கலாம்.

பாத்திரத்தில் போடுவதற்கு வெண்ணெயா நெய்யா என்றால் என் ஓட்டு நெய்க்கு. வெண்ணெயில் இருக்கும் பாலின் திடப்பொருள் காய்ந்த இரும்பில் சட்டென்று கருகும், கசப்பு ஏறும். நெய்யில் அது ஏற்கெனவே நீக்கப்பட்டுவிட்டது, அதிகச் சூடு தாங்கும். மாம்பழத்துக்கும் வாழைப்பழத்துக்கும் நெய்வாசம் எவ்வளவு பொருந்தும் என்பது நமக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. வெண்ணெயின் ருசியும் வேண்டும் என்றால் கடைசியில் சூடாக இருக்கும்போது ஓரத்தில் தடவிக்கொள்ளலாம்.

முட்டை சாப்பிடாதவர்களுக்கு ஒரு வார்த்தை. இந்தப் பலகாரத்தைத் தூக்கி நிறுத்துவதே முட்டைதான். தயிர், ஆளி விதை, கடலை மாவு என்று எதைப் போட்டாலும் ருசியான வேறு பேன்கேக் வரலாம், இது வராது.

செய்முறை

முட்டையையும் பாலையும் முதலில் ஃபிரிட்ஜிலிருந்து வெளியே எடுத்து வையுங்கள். நம் ஊர்ச் சமையலறையில் இருபது நிமிடம் போதும். ஃபிரிட்ஜ் குளிர்ச்சியோடு மாவு விழுந்தால் பாத்திரத்தின் சூட்டை அதுவே தின்றுவிடும்.

மாவுக்கு மிக்சியின் சின்ன ஜார் ரொம்பப் பொருத்தம். முட்டை, பால், சர்க்கரை, உப்பு, வெனிலாவை முதலில் போட்டு 20 விநாடி ஓட்டுங்கள். அப்புறம் மைதாவைச் சேர்த்து இன்னொரு 20 விநாடி. மூடியைத் திறந்து, ஓரத்தில் ஒட்டிய மாவை வழித்துவிட்டு ஒரு சுற்று. மைதாவை முதலில் போட்டால் அடியில் கட்டியாக ஒட்டிக்கொள்ளும். மிக்சி வேண்டாம் என்றால் மைதாவில் முட்டையை மட்டும் ஊற்றிக் கட்டியில்லாமல் அடித்துவிட்டு, பாலைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேருங்கள். மாவு ரவா தோசைப் பதத்தில் ஓட வேண்டும். இவ்வளவு நீர்த்திருக்கிறதே என்று பயந்து இன்னொரு கரண்டி மைதா போட்டுவிடாதீர்கள். ஆவி வரப்போவதே அந்தத் தண்ணீரிலிருந்துதான்.

ஜாரை மூடி 15, 20 நிமிடம் ஓரமாக வைத்துவிடுங்கள். மைதா பாலை உறிஞ்சிக்கொள்ளும், அடித்ததில் இறுகிய மாவு தளரும், நுரை அடங்கும். இதே நேரத்தில் ஓவனைப் போட்டுவிட்டால் இரண்டும் ஒன்றாகத் தயாராகும். மேமாதச் சூட்டில் முட்டை மாவை மணிக்கணக்கில் வெளியே வைக்கக் கூடாது. முந்தின இரவே கரைக்க நினைத்தால் ஃபிரிட்ஜில் வைத்து, காலையில் எடுத்துக் குளிர்ச்சி போனதும் ஒரு கலக்குக் கலக்கிப் பயன்படுத்துங்கள்.

இனி பாத்திரம். ஓவன் காய்ந்த பிறகு காலி வாணலை உள்ளே வைத்து 10 நிமிடம் விடலாம். ஆனால் வார்ப்பு இரும்பு என்றால் எனக்குப் பிடித்த வழி வேறு. கேஸ் அடுப்பில் மிதமான தீயில் மூன்று நான்கு நிமிடம் காய வைத்து, அப்புறம் ஓவனுக்குள் ஐந்து நிமிடம். இரும்பு உள்ளுக்குள் முழுதாகக் காயும், ஓடிஜியின் சூடும் இறங்காது. அலுமினிய டின்னை அடுப்பில் வைக்க வேண்டாம், அதற்கு ஓவனே போதும்.

அடுத்த அரை நிமிடத்தில்தான் எல்லாமே இருக்கிறது. மாவு ஜாரை ஒரு கலக்குக் கலக்கிக் கைக்கெட்டும் இடத்தில் வையுங்கள். நெய், தடித்த கைத்துணி எல்லாம் தயாராக இருக்கட்டும். குழந்தைகள் சமையலறையில் இருந்தால் கொஞ்ச நேரம் வெளியே அனுப்பிவிடுங்கள். கதவைத் திறந்து பாத்திரத்தை வெளியே எடுத்து அடுப்பு மேல் வையுங்கள். கதவை உடனே மூடிவிடுங்கள். நெய்யை விடுங்கள். விட்டவுடன் அது உருகி ஓடி, லேசாக அலை அலையாகத் தெரிய வேண்டும். பாத்திரத்தைச் சுழற்றிச் சுவரெல்லாம் நெய் படும்படி செய்யுங்கள். ஒரு சொட்டு மாவை விட்டுப் பாருங்கள், ‘சொய்ங்’ என்று உடனே ஓரம் சுருங்கினால் சூடு சரி. சத்தம் வரவில்லையா, யோசிக்காமல் பாத்திரத்தைத் திரும்ப ஓவனுக்குள் வைத்து இன்னும் ஐந்து நிமிடம் காத்திருங்கள்.

மாவு முழுவதையும் நடுவில் ஒரே தடவையாக ஊற்றுங்கள். நெய் ஓரத்துக்கு ஒதுங்கும், அது அப்படித்தான் இருக்க வேண்டும். கரண்டியால் பரப்ப வேண்டாம், ஆட்ட வேண்டாம். ஓவனுக்குள் வைத்துக் கதவை மூடி, 16 நிமிடம் வையுங்கள்.

இனி கண்ணாடிக்குள் பார்ப்பது மட்டும்தான் வேலை. முதல் ஐந்து நிமிடம் ஒன்றும் நடக்காது. நெய்யில் சின்னச் சின்னக் குமிழிகள், அவ்வளவே. அதற்குப் பிறகு ஓரத்தில் ஏதோ ஒரு இடம் லேசாகத் தூக்கும். அதைத் தொடர்ந்து சுற்றிலும் மாவு சுவரைப் பிடித்து ஏறத் தொடங்கும். ஒரு பக்கம் உயரமாக, இன்னொரு பக்கம் மடிப்பு விழுந்து, எந்த ஒழுங்கும் இல்லாமல் ஏறும். எட்டு, பத்து நிமிடத்தில் நடுப்பகுதியும் குமிழாக எழும்பும், நெய் அந்த மேட்டிலிருந்து வழிந்து ஓரங்களில் தேங்கிப் பொரியும். முட்டையும் நெய்யும் சேர்ந்து வேகும் வாசனை இந்த நேரத்தில் ஹால் வரைக்கும் வந்துவிடும். குழந்தைகளைக் கூப்பிட்டுக் காட்ட வேண்டிய கட்டம் இது, கண்ணாடியைத் தொடாமல்.

இந்தக் கட்டத்தில் எக்காரணம் கொண்டும் கதவைத் திறக்காதீர்கள். படலம் இன்னும் இறுகவில்லை. குளிர்ந்த காற்று பட்டால் அப்படியே உட்கார்ந்துவிடும், பிறகு எழும்பாது. 12 நிமிடத்துக்குப் பிறகு மேல்புறம் அதிகமாகச் சிவந்தால், கதவைத் திறக்காமல் மேல் கம்பியை மட்டும் நிறுத்திக் கீழ்க் கம்பியோடு முடியுங்கள். இந்த வசதி ஓடிஜியில் உண்டு.

ஓரம் நன்றாகப் பழுப்பேறி, நடு வெளிர் பொன்னிறமாகி, எங்கேயும் ஈரப் பளபளப்பு இல்லாமல் இருந்தால் வெந்துவிட்டது. பொன்னிறம் வந்ததும் எடுக்க ஆசை வரும். இன்னும் இரண்டு நிமிடம் பொறுங்கள். ஓரம் எவ்வளவு காய்கிறதோ அவ்வளவு நேரம் வெளியே நிமிர்ந்து நிற்கும். சென்னையின் ஈரக் காற்றில் மொறுமொறுப்பு எதுவுமே நீடிப்பதில்லை, அந்த இரண்டு நிமிடம் நமக்கு முக்கியம்.

பழம்

பழத்தை மாவில் போட்டு பேக் செய்யலாமா என்று பலரும் கேட்பார்கள். சாறுள்ள பழங்களை வேண்டாம். அவற்றின் எடையும் ஈரமும் மாவை அடியிலேயே அழுத்திவிடும். வெந்த பிறகு மேலே போடுவதே நல்லது. ஆப்பிள், பேரிக்காய், நேந்திரம் இவை விதிவிலக்கு. மெல்லிசாக நறுக்கி, நெய்யில் கொஞ்சம் நாட்டுச் சர்க்கரையோடு வதக்கி, அதே வாணலில் ஒரே அடுக்காக விட்டு அதன் மேல் மாவு ஊற்றலாம். உயரம் கொஞ்சம் குறையும், அடியில் பாகு பிடித்து வரும்.

எந்தப் பழமானாலும் ஃபிரிட்ஜிலிருந்து நேராகக் கொட்டாதீர்கள். நறுக்கியதும் வடிதட்டில் ஐந்து நிமிடம் வைத்துச் சாற்றைத் தனியே பிடியுங்கள். சாறை எறிய வேண்டாம், தட்டில் பரிமாறிய பிறகு மேலே விட்டுக்கொள்ளலாம்.

ஏப்ரல் முதல் ஜூன் வரை வேறு பழத்தை நினைக்கவே தேவையில்லை. பங்கனப்பள்ளி கெட்டியான சதை, நார் இல்லை, துண்டுகள் உடையாமல் நிற்கும், முதல் முறை செய்பவர்களுக்கு அதுதான். செந்தூராவில் இயல்பாகவே லேசான புளிப்பு உண்டு, அதற்கு எலுமிச்சை தேவைப்படாது. இமாம் பசந்த் வந்தால் அதற்குத் தனி மரியாதை. அதன் பருவம் குறுகியது, விலையும் அதிகம். நறுக்கும்போது ஒரு கிண்ணத்தின் மேல் பிடித்துக்கொண்டு நறுக்குங்கள். கத்தி உள்ளே போனவுடனே சாறு மணிக்கட்டு வரை ஓடும். தோலோடு சேர்த்துப் பெரிய கதுப்புகளாக அறுத்து, கரண்டியால் சுரண்டிச் சுரண்டி நேராகப் பேன்கேக்கின் குழியில் போடுங்கள். சர்க்கரை வேண்டாம், ஏலக்காய் வேண்டாம். இரண்டு மூன்று உப்புக்கல் மட்டும் நொறுக்கித் தூவுங்கள்.

பழக்கடையில் வாங்கும்போது அவர்கள் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: “இன்னிக்குச் சாப்பிடவாம்மா, ரெண்டு நாள் கழிச்சா?” இதற்குச் சரியாகப் பதில் சொல்லுங்கள். “நாளைக்குக் காலையில வேணும்ணா, கொஞ்சம் கெட்டியா இருக்கட்டும்” என்றால் அவரே காம்பு பக்கம் முகர்ந்து பார்த்து எடுத்துக் கொடுப்பார். கோயம்பேட்டில் மொத்தமாக வாங்குகிறவர்களுக்கு இந்தப் பேச்சு குறைவு, அங்கே நம் மூக்கைத்தான் நம்ப வேண்டும்.

பண்ருட்டிப் பலாவும் கோடையில்தான். சுளையை நீளவாக்கில் மெல்லிசாகக் கீறி, நெய்யில் வெல்லத் தூளோடு ஒரு நிமிடம் புரட்டிச் சூடாகப் போடுங்கள். பச்சையாகப் போட்டால் பலாவின் வாசனை மற்ற எல்லாவற்றையும் அமுக்கிவிடும்.

மே, ஜூன் மாதங்களில் ஊட்டி, கொடைக்கானல் பக்கமிருந்து பிளம்ஸும் பீச்சும் வரும். பிளம்ஸின் புளிப்பு இந்த முட்டைப் பலகாரத்துக்கு ரொம்பப் பொருத்தம். தோலோடு கீற்றுகளாக நறுக்கி, சர்க்கரையில் கால் மணி நேரம் ஊற வைத்தால் சிவப்புச் சாறு தானே விடும். அதற்கடுத்து நாவல்பழம் வரும். கொட்டை நீக்குவது பொறுமையான வேலை. செய்தால் அந்த ஊதா நிறமும் துவர்ப்பும் தேனோடு சேர்ந்து மறக்க முடியாத ருசி. சீதாப்பழத்துக்கும் அதே பொறுமை வேண்டும். சதையை மட்டும் எடுத்து, துணியில் கட்டித் தண்ணீர் வடித்த தயிரோடு கலந்து குழியை நிரப்புங்கள். டிசம்பரிலிருந்து மார்ச் வரை மகாபலேஸ்வர் ஸ்டிராபெர்ரி கிடைக்கும். வெளிறின பழமாக இருந்தால் கொஞ்சம் சர்க்கரையும் இரண்டு சுற்று மிளகுப்பொடியும் போட்டு ஊற வையுங்கள்.

பருவம் எதுவும் இல்லாத நாட்களில் வாழைப்பழமும் மாதுளையும் எப்போதும் உண்டு. மலைவாழையும் ஏலக்கியும் அப்படியே வட்டமாக நறுக்கிப் போடலாம். செவ்வாழையை நெய்யில் இரண்டு பக்கமும் சிவக்க விட்டுப் போட்டால், மேலே கருப்பட்டிப் பாகு போதும், சர்க்கரையே வேண்டாம். பூவன் இதற்கு அவ்வளவு சரிப்படாது. அன்னாசியைப் பச்சையாகத் தயிரோடோ கிரீமோடோ சேர்த்தால் அதில் உள்ள என்சைம் பால் புரதத்தை உடைத்துக் கசப்பாக்கும். நெய்யில் நன்றாக வதக்கினால் அந்தத் தொல்லை போய்விடும். தர்பூசணியும் கிர்ணியும் வேண்டாம், வெறும் தண்ணீர். இறக்குமதி புளூபெர்ரிக்குக் காசைக் கொட்டவும் வேண்டாம்.

பரிமாறுவது

சாப்பிடுகிறவர்கள் மேசையில் உட்கார்ந்த பிறகுதான் பாத்திரம் ஓவனிலிருந்து வெளியே வர வேண்டும். வெண்ணெய்த் துண்டை ஓரத்தில் தடவி, பழத்தைக் குழியில் கொட்டி, எலுமிச்சை பிழியுங்கள். நம் எலுமிச்சை மேல்நாட்டு மஞ்சள் எலுமிச்சையைவிடப் புளிப்பு அதிகம், அரை மூடி போதும். கடைசியாகப் பொடித்த சர்க்கரையை டீ வடிகட்டியில் போட்டுத் தட்டித் தூவுங்கள். கடையில் வாங்கிய ஐசிங் சர்க்கரை நம் ஊர் ஈரத்தில் கட்டி தட்டிப் போகும். வேண்டியபோது அரை கப் சர்க்கரையும் ஒரு டீஸ்பூன் சோள மாவும் மிக்சியில் அரைத்துக்கொள்வதே நல்லது.

சரியாக வராவிட்டால்

கொஞ்சமும் எழும்பவில்லை என்றால் பத்தில் ஒன்பது முறை பாத்திரம் காயவில்லை. மீதி ஒரு முறை மாவு கெட்டி, அல்லது பாத்திரம் பெரிது. 10 அங்குலப் பாத்திரத்தில் இரண்டு முட்டை மாவு தோசையாகத்தான் பரவும், அதற்கு மூன்று முட்டை, 120 மி.லி. பால், 65 கிராம் மைதா என்று கூட்டுங்கள். ஓரம் கருகி நடு பச்சையாக இருந்தால் தட்டு மேலே இருக்கிறது. அடியில் நெய் தேங்கினால் நெய் அதிகம், அடுத்த முறை அரை ஸ்பூன் குறையுங்கள். ஒட்டிக்கொண்டால் வாணல் இன்னும் பழகவில்லை. முட்டை வாசனை தூக்கலாகத் தெரிந்தால் கொஞ்சம் எலுமிச்சைத் தோல் சீவிப் போடுங்கள், வெனிலாவைவிட அது நன்றாகக் கேட்கும்.

நான்கு பேருக்கு வேண்டுமானால் மாவை இரட்டிப்பாக்கி ஒரே பாத்திரத்தில் ஊற்றாதீர்கள், நடு வேகாது. இரண்டு முறையாகச் செய்யுங்கள். முதல் பேன்கேக்கை எடுத்ததும் வாணலைத் துணியால் துடைத்து, மறுபடி ஓவனுக்குள் ஐந்து நிமிடம் காய விட்டு, புது நெய் விட்டு, மீதி மாவைக் கலக்கி ஊற்றுங்கள். இரண்டாவது பெரும்பாலும் முதலாவதைவிட உயரமாக வரும், இரும்பு அதற்குள் நன்றாக ஊறிக் காய்ந்திருக்கும். மிச்சம் இருந்தால் மைக்ரோவேவில் வைக்காமல், தோசைக்கல்லில் சிறு தீயில் இரண்டு பக்கமும் திருப்பிப் போட்டுச் சூடு பண்ணுங்கள். எழும்பாது, ஆனால் ஓரம் மறுபடி மொறுமொறுவென்று ஆகும், சாயங்காலம் டீக்குத் தொட்டுக்கொள்ளத் தேன் இருந்தால் போதும்.